சகாயராஜின் புகை டிரம்

விழுப்புரம் கீழ்ப்பெரும்பாக்கத்தில் எங்கள் எதிர்வீட்டில் ஜெசிந்தா பல வருஷம் தனியாகத்தான் குடியிருந்தாள். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனையில் அவளுக்கு நர்ஸ் வேலை. புருஷன் சகாயராஜ் மஸ்கட்டில் ஒரு பெரிய ஓட்டலில் சமையல்காரன். எப்போதாவது லீவில் வருவான். வந்த அன்றைக்கே லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு அடுப்படிக்குள் நுழைந்துவிடுவான். ஜெசிந்தா வேலை முடிந்து பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்து வரும்போதே, இன்றைக்கு என்ன குழம்பு என்று தெருமுனையில் தெரிந்துவிடும் என்பாள்.

கொரோனா ஓய்ந்த சமயத்தில் அவன் ஒரேயடியாகத் திரும்பி வந்துவிட்டான். காண்ட்ராக்ட் முடிந்துவிட்டது என்றான். நாங்களும் மேற்கொண்டு கேட்கவில்லை. அந்த நாளில் அப்படித் திரும்பி வந்தவர்கள் ஊரெல்லாம் இருந்தார்கள்.

விஷயம் வேறு. மஸ்கட்டில் காய்ச்சலில் படுத்தபோது அவனுக்கு வாசனை தெரியாமல் போயிருந்தது. அவனைப் போலவே காய்ச்சலில் படுத்தவர்களுக்கெல்லாம் கொஞ்ச நாளில் திரும்பி வந்துவிட்டது. அவனுக்கு வரவேயில்லை. பூண்டு வதங்குவதும் கருகுவதும் அவனுக்கு ஒன்றாகிவிட்டது. கெட்டுப்போன கிரீமை ஒருநாள் சூப்பில் ஊற்றிவிட்டான். அங்கிருந்த தலைமைச் சமையல்காரர் நல்ல மனுஷர். சத்தம் போடாமல் முதலில் காய் நறுக்குகிற மேசைக்கு மாற்றினார். அப்புறம் பாத்திரம் கழுவுகிற இடத்துக்கு. வேறொருவன் தாளிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே தட்டு கழுவ சகாயராஜால் முடியவில்லை. தானாகவே வேலையை விட்டுவிட்டு விமானம் ஏறிவிட்டான்.

இதை அவன் ஜெசிந்தாவிடம் சொல்லவில்லை. அவள் வேறு யாரையும்விட அவன் கைச் சமையலைப் பெருமையாகப் பேசுகிறவள். சோற்றுத் தட்டை முன்னால் வைத்து, "வாசனையே தூக்குது இல்லங்க?" என்று கேட்டால், "ஆமா ஜெசி" என்பான். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் புறப்படும்போது அவள் தலையில் முல்லைச்சரம் வைத்துக்கொண்டு வந்து நிற்பாள். அவன் குனிந்து மூச்சை இழுத்து, "சூப்பரா கீது" என்பான். அவள் சிரித்துக்கொண்டே செருப்பை மாட்டுவாள். அந்தச் சிரிப்பைப் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சில் ஏதோ குத்தியது என்று பிற்பாடு சொன்னான்.

வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிற ஆள் இல்லை அவன். சமையலிலேயே கண்ணை மட்டும் நம்பிச் செய்கிற வேலை எது என்று யோசித்துப் பார்த்தான். மஸ்கட் ஓட்டலின் பின்கட்டில் மீனுக்கும் கறிக்கும் புகை போடுவார்கள். அது அவனுக்கு நன்றாகத் தெரியும். புகை வெள்ளையாகத் திரண்டு வந்தால் மீன் கசக்கும். மெல்லிசாக, நீலம் பாரித்து, இருக்கிறதா இல்லையா என்பது போல வந்தால்தான் சரி. மீனின் தோல் கருப்பட்டித் தண்ணீர் நிறத்துக்கு வந்ததும் எடுத்துவிட வேண்டும். எல்லாம் கண் வேலை. மூக்கைக் கேட்க வேண்டியதேயில்லை.

வெல்டிங் கடையில் ஒரு பழைய தகர டிரம்மைக் கொடுத்து வேலை செய்யச் சொன்னான். அடியில் நெருப்புக்கு ஒரு சின்னக் கதவு, நடுவில் மீன் அடுக்கக் கம்பி வலைத் தட்டுகள், மேலே காற்றுப் போகத் துளை விட்ட மூடி. கொட்டாங்கச்சி கங்கும் காய்ந்த கொய்யாக் கட்டையும் போட்டுப் புகை எழுப்பினான். கானாங்கெளுத்தி மீனை உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, துடைத்து, காயவைத்து, அந்தத் தட்டுகளில் அடுக்குவான். எங்கள் தெருவில் மாசிக்கருவாடு தெரியும், இந்த மாதிரிப் புகை மீனை யாரும் பார்த்ததில்லை. முதலில் பிள்ளைகள் தின்று பார்த்தார்கள். பிறகு பெரியவர்கள் வந்தார்கள். கொஞ்ச நாளில் ஆஸ்பத்திரியில் ஜெசிந்தாவோடு வேலை பார்ப்பவர்களே சொல்லி வைத்து வாங்க ஆரம்பித்தார்கள்.

மீன் வாங்க அவன் விடியற்காலை பஸ் பிடித்துத் திண்டிவனம் போவான். மரக்காணம் பக்கத்துக் குப்பத்திலிருந்து மீன் கொண்டுவரும் ஜெயம்மாளிடம்தான் வாங்குவான். அந்த அம்மாவுக்குத்தான் விஷயம் முதலில் தெரிந்தது.

ஒருநாள் கூடையில் சுறாத் துண்டுகள் இருந்தன. விற்க ஒரு பக்கம், கெட்டுப்போனதென்று கழித்து வைத்தது ஒரு பக்கம். "மோந்து பாரு தம்பி, நேத்து ராத்திரி வலையில பட்டது" என்றார் ஜெயம்மாள். சகாயராஜ் கழித்துப்போட்ட பக்கத்திலிருந்து ஒரு துண்டை எடுத்து மூக்கருகில் கொண்டுபோனான். பக்கத்துக் கூடைக்காரி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்கிற அளவுக்கு நாற்றம். அவன் முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை.

"நல்லா ஃப்ரெஷ்ஷா கீதுக்கா" என்றான்.

ஜெயம்மாள் அவன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பக்கத்துக் கூடைக்காரி சிரிக்க வாயெடுத்தபோது, "உன் வேலயப் பாருடி" என்று அதட்டிவிட்டு, அந்தத் துண்டை அவன் கையிலிருந்து வாங்கித் தூரப் போட்டார். அன்றிலிருந்து அவனுக்கான மீனை அவரே பொறுக்கி, அவரே மோந்து பார்த்துப் போட்டார். ஏன் என்று அவனும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

இப்படி ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது.

தீப்பிடித்தது ஒரு பங்குனி மாதத்து மதியம். சகாயராஜ் வீட்டுப் பின்பக்கம் குறுகலான இடம். டிரம் அங்கேதான் நிற்கும். இடுப்புயர மதில் ஒன்று. மதிலுக்கு அந்தப் பக்கம் பூமாலையின் கீற்றுக் கொட்டகை. பூமாலை கல்யாணங்களுக்குப் பந்தல் போடுகிற வேலைக்காரர். பெண்சாதி போய்ச் சேர்ந்துவிட்டார், மகள் கட்டிக்கொடுத்த ஊரில் இருக்கிறாள். அவர் கூட இருப்பவை இரண்டு ஆடுகள். அந்தக் கொட்டகையில் ஆடுகளைக் கட்டி, தீவனத்துக்கு, கடலை பறித்துக் காயவைத்த மல்லாட்டைக் கொடியைக் கூரை முட்ட அடைத்து வைத்திருந்தார்.

அன்று காலை மீன் புகை போட்டு முடித்ததும் சகாயராஜ் சாம்பலை அள்ளி ஒரு காலி பெயிண்ட் வாளியில் கொட்டினான். பிளாஸ்டிக் வாளி. மேலே பார்க்கச் சாம்பல் வெளுத்துத்தான் இருந்தது, அணைந்துவிட்டது என்று நினைத்தான். மதிலோரம் வைத்துவிட்டு உள்ளே போய், கூடத்தில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரிக்க ஆரம்பித்தான். சாம்பலுக்கு அடியில் கங்கு உயிரோடு இருந்தது. வாளி இளகிச் சாய்ந்தது. மதிலில் சாய்த்து வைத்திருந்த காய்ந்த தென்னை ஓலையில் பற்றியது. அங்கிருந்து கொட்டகைக் கீற்றுக்குப் போக எவ்வளவு நேரமாகும்?

பிளாஸ்டிக் எரிகிற நாற்றம் எங்கள் வீட்டுக் கூடம்வரை வந்தது. என் மனைவிதான் முதலில் "எங்கியோ எரியுதுங்க" என்றாள். வெளியே வந்து பார்த்தால் எதிர்வீட்டு ஓட்டுக்கு மேலே கறுப்பாகப் புகை. "சகாயம்! சகாயம்!" என்று கத்திக்கொண்டே உள்ளே ஓடினேன்.

அவன் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தான். தலைக்கு மேலே, பின்வாசல் வழியாகப் புகை சுருண்டு சுருண்டு கூடத்துக்குள் வந்துகொண்டிருந்தது. வெங்காயம் உரித்ததால் கண்ணில் ஏற்கெனவே தண்ணீர். கண் எரிந்தது அதனால்தான் என்று நினைத்திருக்கிறான்.

"இன்னாண்ணே?" என்றான் என்னைப் பார்த்து.

நான் மேலே கையைக் காட்டினேன். அண்ணாந்து பார்த்தவன் முகம் வெளுத்தது. அடுத்த நிமிஷம் பின்வாசலுக்கு ஓடினான். அதற்குள் கொட்டகையின் ஒரு பக்கக் கூரை சடசடவென்று எரிந்தது. உள்ளே ஆடுகள் கத்தின. பூமாலை செஞ்சியில் பந்தல் வேலைக்குப் போயிருந்தார். சகாயராஜ் வெங்காயம் உரித்த கத்தியோடேயே மதிலைத் தாண்டிக் குதித்தான். நான் "வேணாம்டா" என்று கத்தியது அவன் காதில் விழவில்லை. கயிற்றை அறுத்து ஒரு ஆட்டை விரட்டினான். இன்னொன்று பயத்தில் மூலையில் ஒடுங்கிக்கொண்டது. அதை இரண்டு கையாலும் அள்ளித் தூக்கிக்கொண்டு வெளியே வரும்போது எரிகிற கீற்று ஒன்று இடது கை மேலே விழுந்தது. ஆட்டை அவன் விடவில்லை.

யாரோ போன் செய்து தீயணைப்பு வண்டி வந்தது. கொட்டகையைக் காப்பாற்ற முடியவில்லை. ஆனால் அடுத்த வீட்டுக் கூரைக்குத் தாவாமல் தடுத்துவிட்டார்கள். வந்தவர்களுக்குத் தலைமையாக இருந்தது கலைப்பிரியா என்ற இளம் அதிகாரி. தண்ணீர் அடித்து முடித்து, உருகிக் கிடந்த வாளியைக் காலால் புரட்டிப் பார்த்துவிட்டு சகாயராஜிடம் வந்தார்.

"சாம்பலை இதுலதான் கொட்டுனீங்களா?"

"ஆமா மேடம்."

"பிளாஸ்டிக் எரியற நாத்தம் எதிர்வீட்டுக்கே வந்திருக்கு. உள்ள இருந்த உங்களுக்கு எப்படி சார் தெரியாம போச்சு?"

அவன் உருகிய வாளியைப் பார்த்தான். தெருவே சுற்றி நின்றது. அவர் அவன் முகத்தைப் பார்த்தார், கையைப் பார்த்தார். "மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று மட்டும் சொன்னார்.

ஷேர் ஆட்டோவில் அவனை முண்டியம்பாக்கம் கூட்டிக்கொண்டு போனது நான்தான். வழி முழுக்க ஈரத் துணி சுற்றிய கையைப் பிடித்துக்கொண்டு வந்தான். டாக்டர் பார்த்து, ஆழமான காயம் இல்லை என்றார். தகவல் போய் ஜெசிந்தா வார்டிலிருந்து வந்தாள். ஓடி வரவில்லை. ஆஸ்பத்திரியில் ஓடக்கூடாது என்று பழகிய நடை. ஆனால் முகத்தில் ரத்தமே இல்லை. கட்டுப் போட வந்த பெண்ணிடம், "நானே போடறேன்" என்று சொல்லித் தட்டை வாங்கிக்கொண்டாள்.

"வலிக்குதாங்க?"

"இல்ல."

"பொய் சொல்லாதீங்க. வலிக்கும்." மருந்தைத் தடவினாள். "ஊட்லதான இருந்தீங்க? பொகை வாசன கூடவா வர்ல?"

அவன் சுவரைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

"எனக்கு எந்த வாசனையும் வர்றதில்ல ஜெசி."

அவள் கை நின்றது. "எப்பலேருந்து?"

"மஸ்கட்ல காய்ச்சல் வந்ததுலேருந்து."

அவள் துணியை எடுத்துச் சுற்ற ஆரம்பித்தாள். ஒரு சுற்று, இன்னொரு சுற்று. நான் வெளியே போய்விடலாமா என்று எழுந்தேன். அவள் தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"அப்ப முல்லைப்பூ?"

"அதுவுந்தான்."

"எனக்கு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேங்க."

"எனக்குத் தெரிஞ்சது சமையல் ஒண்ணுதான். அதுவும் போச்சுன்னா சும்மா குந்திக்கினு கெடக்கற ஆளா உன் முன்னால நிக்கணுமேன்னு..." அவள் சுற்றுகிற துணியைப் பார்த்தான். "நீ எல்லார்கிட்டயும் சொல்லுவ இல்ல, எங்க ஊட்டுக்காரர் கையில தனி ருசின்னு. அத உன்கிட்டேருந்து புடுங்க மனசு வர்ல."

ஜெசிந்தா கட்டின் நுனியில் பிளாஸ்திரி ஒட்டி, விரலால் அழுத்தினாள். "இன்னா மனுஷன் நீங்க. நான் இன்னா உங்க மூக்கயா கட்டிக்கினேன்?"

அவன் சிரித்துவிட்டான். சிரிக்கும்போதே அழுதான். பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவர் என்னமோ ஏதோ என்று எழுந்து உட்கார்ந்தார். ஜெசிந்தா தன் கைக்குட்டையை எடுத்து அவன் முகத்தைத் துடைத்துவிட்டு, அதே கைக்குட்டையால் தன் கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் பூமாலை வந்தார். கொட்டகை இருந்த இடத்தில் கரி. தெருவில் எல்லோரும் வாசலில் நின்றோம். அவர் கோபக்காரர், சின்ன விஷயத்துக்கே தெரு அதிரக் கத்துவார். அன்றும் கத்தினார்.

"கீத்து போனா கட்டிக்கலாம்டா! வாயில்லா ஜீவன், அதுங்க எரிஞ்சிருந்தா நான் இன்னாடா பண்ணுவேன்? இன்னா பேஜாரு இது!"

சகாயராஜ் தலைகுனிந்து நின்றான். அப்போதுதான் பூமாலை அவன் கைக்கட்டைப் பார்த்தார். என் மனைவி நடந்ததைச் சொன்னாள். கேட்டு முடித்ததும் பூமாலை மதில் மேலே உட்கார்ந்துவிட்டார்.

"நீயா உள்ள போயி அவுத்து உட்ட?"

"என்னாலதானண்ணே பத்திக்கினது."

"அது கெடக்கட்டும்." பூமாலை மேல் துண்டை உதறித் தோளில் போட்டார். "துன்னியா நீ? மூஞ்சியப் பாரு. போ, போயி எதுனா துன்னு."

அடுத்த வாரமே கொட்டகை வேலை ஆரம்பமானது. கீற்று வேண்டாம் என்று முடிவு செய்து, பூமாலை வீட்டின் முன்பக்கமாக இடத்தை மாற்றி, கல் தூண் நட்டுத் தகரக் கூரை போட்டார்கள். சகாயராஜ் ஒற்றைக் கையாலேயே மண் சுமந்தான், கல் பிடித்தான். பூமாலை திட்டிக்கொண்டே வேலை வாங்கினார். வேலை முடிகிற அன்று, டிரம்மைப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிடப் போவதாக அவன் சொன்னான்.

ஜெசிந்தா ஒப்புக்கொள்ளவில்லை. "ஒரு வாரம் பொறுங்க" என்றாள். அந்த வாரத்தில் ஒருநாள் வேலைக்குப் போகும் வழியில் இறங்கி, தீயணைப்பு நிலையத்துக்குள் போய்விட்டாள். வீட்டில் மீனுக்குப் புகை போட என்ன விதிமுறை என்று கேட்டாளாம். அங்கிருந்த ஒருவர், ஊரில் யாரும் இப்படி வந்து கேட்டதில்லை என்று சிரித்திருக்கிறார். கலைப்பிரியா சிரிக்கவில்லை. உட்காரச் சொல்லி முழுதாகக் கேட்டார். சகாயராஜின் மூக்கு விஷயத்தையும் ஜெசிந்தா மறைக்காமல் சொன்னாள்.

லீவு நாளில் கலைப்பிரியா தன் ஸ்கூட்டரில் தெருவுக்கு வந்தார். சல்வாரில் வந்ததால் முதலில் எங்களுக்கு அடையாளம் தெரியவில்லை. டிரம்மைச் சுற்றி வந்து, கதவைத் திறந்து மூடி, மூடியைத் தூக்கிப் பார்த்தார்.

"நல்லா பண்ணியிருக்காங்க. டிரம் மேல தப்பு இல்ல சார். அத வெச்ச இடமும் சாம்பலும்தான் தப்பு. வீட்ல மீன் புகை போடறதுக்குன்னு தனியா ஒரு விதிய நான் படிச்சதில்ல. எங்க வேலையில கத்துக்கிட்டத சொல்றேன். இந்தத் தெருவுக்கு அதுவே விதியா இருக்கட்டும்."

நாங்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டு நின்றோம். அவர் சகாயராஜைப் பார்த்தே பேசினார்.

"மேல கூரை இருக்கக்கூடாது. கீத்து, ஓலை, வைக்கோல், துணி காயற கொடி, எதுவானாலும் பத்தடிக்கு மேல தள்ளியிருக்கணும். பைக் பக்கத்துல கூடாது, கேஸ் சிலிண்டர் பக்கத்துல கூடவே கூடாது. அடியில செங்கல்லோ சிமெண்டோ இருக்கணும், காஞ்ச புல்லு வேணாம். மண்ணெண்ணெய் ஊத்திப் பத்த வைக்கற வேலையே கூடாது. ஒரு வாளி மண்ணு, ஒரு வாளி தண்ணி, ரெண்டும் கைக்கெட்டற தூரத்துல."

"மீன்லேருந்து எண்ணெ சொட்டி நெருப்பு எழும்பும் மேடம், சில நேரம்" என்றான் சகாயராஜ்.

"அப்ப தண்ணி ஊத்தாதீங்க. எண்ணெத் தீ மேல தண்ணி பட்டா தெறிச்சு மூஞ்சிக்கு வரும். மூடியப் போட்டு, துளைய அடைச்சு, கீழ்க் கதவ சாத்திடுங்க. காத்து இல்லன்னா தானா அடங்கிடும். முடிச்சதும் எண்ணெப் பிசுக்க சுரண்டிக் கழுவிடணும். சாம்பல இரும்பு டப்பாவுல கொட்டி, தண்ணி ஊத்திக் கிளறி, மூடி போட்டு வெளியவே வைங்க. மறுநாள் கைய வெச்சுப் பார்த்து, சில்லுன்னு இருந்தாத்தான் குப்பைக்குப் போகணும். காத்து பலமா அடிக்கற அன்னைக்கு மீன் வாங்கிட்டு வந்திருந்தாலும் பத்த வைக்காதீங்க. கொழம்பு வெச்சிருங்க."

பூமாலை தலையாட்டினார். கலைப்பிரியா வீட்டுப் பக்கம் கையைக் காட்டினார்.

"மழை வந்தா உள்ள தூக்கிட்டுப் போயிடலாம்னு மட்டும் நெனைக்காதீங்க. அடைச்ச அறையில கங்கு இருந்தா ஒரு வாயு வரும். ஆளையே கொன்னுடும். அதுக்கு வாசனையே கிடையாது." அவர் குரல் இளகியது. "அந்த ஒரு விஷயத்துல உங்க மூக்கும் என் மூக்கும் ஒண்ணுதான் சார்."

சகாயராஜ் அவரை நிமிர்ந்து பார்த்தான். ஊருக்கெல்லாம் விஷயம் தெரிந்த பிறகு, அதைப் பற்றி ஒருவர் இரக்கப்படாமல், சாதாரணமாகப் பேசியது அவனுக்கு அதுதான் முதல் தடவை. லேசாகச் சிரித்தான்.

"இன்னொண்ணு, எல்லாத்தையும்விட முக்கியம்" என்றார் அவர். "நீங்க தனியா இருக்கும்போது பத்த வைக்கக்கூடாது. வாசனை தெரிஞ்ச ஒருத்தர் கூட இருக்கணும். வீட்டுக்குள்ள புகை அலாரம் ஒண்ணு மாட்டுங்க. கேஸ் கசிஞ்சா கத்தற மெஷினும் விக்குது, அதையும் மாட்டுங்க. கேஸ் கசிஞ்சா உங்களுக்குத் தெரியாதில்ல?"

இத்தனை நாள் அவன் தனியாக கேஸ் அடுப்பு பற்ற வைத்ததை நினைத்து ஜெசிந்தா அவன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

எல்லாம் சரி, இடத்துக்கு எங்கே போவது? சகாயராஜ் வீட்டுப் பின்பக்கம் பத்தடி கிடையாது. மாடியும் இல்லை. அவன் டிரம்மைத் தடவிக்கொண்டே, "உடுங்க மேடம், இரும்புக் கடைக்கே போவட்டும்" என்றான்.

"இருடா" என்றார் பூமாலை. மதிலுக்கு அப்பால், கொட்டகை எரிந்துபோன இடத்தைக் காட்டினார். "தோ, அந்த எடம் இப்ப காலியாத்தான கீது. ஆட்டயும்தான் முன்னாடி மாத்தியாச்சு. அங்க கொண்டாந்து வெச்சிக்க."

சகாயராஜ், "அண்ணே, அது..." என்று இழுத்தான்.

"இன்னா அண்ணே நொண்ணே? எரியறதெல்லாம் எரிஞ்சு முடிஞ்ச எடம். இனிமே எரிய இன்னா கீது அங்க?"

கலைப்பிரியா நடந்துபோய் நான்கு பக்கமும் எட்டுவைத்து அளந்து பார்த்தார். வேலியோரத்துக் காய்ந்த முள்ளை மட்டும் வெட்டிப் போடச் சொன்னார். சகாயராஜ் அன்றைக்கே அரிவாளை எடுத்தான்.

அப்புறம் ஜெசிந்தாவின் லீவு நாளில்தான் டிரம் பற்றும் என்று ஏற்பாடானது. அவளுக்கு வேலை வந்துவிட்டால் என் மனைவியோ பூமாலையோ அங்கே கட்டில் போட்டு உட்கார்ந்துகொள்வார்கள். பற்ற வைப்பதற்கு முன்னால் அவன் தெருவில் நாலு வீட்டுக்குக் குரல் கொடுப்பான், கொடியில் கிடக்கிற துணியை எடுத்துக்கொள்ளச் சொல்லி. ஜெயம்மாளைப் பார்க்க ஜெசிந்தா ஒருதரம் கூடவே திண்டிவனம் போனாள். நன்றி சொல்லப் போனவளிடம் அந்த அம்மா, "எங்க ஊட்டுக்காரருக்கு படகு இஞ்சின் சத்தத்துல காது போயிடிச்சிம்மா. அதுவும் இப்டித்தான், எது சொன்னாலும் ஆமான்னு தலய ஆட்டிக்கினு இருக்கும். அந்த மூஞ்சி எனக்குத் தெரியாதா?" என்றாராம்.

புது இடத்தில் முதல்முறை புகை போட்ட அன்று நாங்கள் எல்லோரும் அங்கேதான் இருந்தோம். மீன் நன்றாக நிறம் பிடித்து வந்தது. சகாயராஜ் நடுத்துண்டாகப் பார்த்து எடுத்து, முள் நீக்கி, முதலில் ஜெசிந்தாவின் தட்டில் வைத்தான். அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"துன்னு ஜெசி."

"நானும் ஒண்ணு சொல்லணுங்க."

"இன்னா?"

"எனக்கு இந்தப் பொகை மீனு புடிக்காது."

அவன் திறந்த வாயை மூடவில்லை. "ஒரு வருசமா துன்னுக்கினு இருந்த?"

"நீங்க ஆசையா எடுத்துக் குடுத்தீங்க, துன்னேன். வாயில வெச்சாலே கொமட்டும். தண்ணி குடிச்சு முழுங்கிடுவேன்."

பூமாலை விழுந்து விழுந்து சிரித்தார். அவள் தட்டிலிருந்த மீனைத் தன் தட்டுக்கு மாற்றிக்கொண்டு, "எனக்குப் புடிக்கும்பா" என்றார். சகாயராஜுக்கு முதலில் முகம் சுண்டியது. பிறகு அவனும் சிரித்தான். எழுந்து உள்ளே போய், ஊறவைக்காமல் மீதி இருந்த இரண்டு மீனை எடுத்து, மிளகாய்த்தூள் தடவிப் பொரித்துக்கொண்டு வந்தான். எண்ணெய் காய்கிற பதத்தைக் காதால் கேட்டும், வெந்த பதத்தைக் கண்ணால் பார்த்தும் செய்ததுதான். ஜெசிந்தா தின்று பார்த்துவிட்டு, "உப்பு ஒரு கல்லு கம்மி" என்றாள். நன்றாக இருக்கிறது என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாமல், என்ன குறை என்று அவள் சொன்னதில் அவனுக்கு ஒரு சந்தோஷம். சமையலில் இப்போதெல்லாம் அப்படித்தான் நடக்கிறது. அவன் செய்வான், அவள் மோந்து பார்த்துச் சொல்வாள். "கருகப் போவுது, ஜல்தி எறக்குங்க" என்று கூடத்திலிருந்தே குரல் வரும்.

மருத்துவமனையில் காது மூக்கு டாக்டரிடமும் அவனைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர். தினமும் நாலைந்து பொருளை மோந்து பார்த்து மூக்கைப் பழக்கச் சொன்னார். அதற்காக ஜெசிந்தா சின்னச் சின்ன டப்பாக்களில் கிராம்பு, எலுமிச்சைத் தோல், காப்பித்தூள், யூகலிப்டஸ் தைலம் நனைத்த பஞ்சு என்று போட்டு வைத்திருக்கிறாள். காலையில் வேலைக்குப் புறப்படும் முன் வாசற்படியில் இரண்டு பேரும் உட்காருவதை எங்கள் வீட்டு ஜன்னலிலிருந்து பார்க்கலாம். அவன் கண்ணை மூடிக்கொள்வான். அவள் ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து அவன் மூக்கருகில் நீட்டிக்கொண்டே பேசுவாள்.

"இது கிராம்புங்க. லேசா காரமா இருக்கும், நாக்கு மரத்துப் போவுற மாதிரி. ஓமந்தூர்ல உங்க பெரியம்மா ஊட்ல பிரியாணிக்குத் தாளிப்பாங்களே, அந்த வாசன. நெனச்சுப் பாருங்க."

அவன் நினைத்துப் பார்ப்பான். மூச்சை மெதுவாக இழுத்து விடுவான்.

"எதுனா தெரியுதா?"

பெரும்பாலும் இல்லை என்று தலையசைப்பான். எப்போதாவது, "என்னமோ இருந்த மாரி இருந்துச்சு ஜெசி. தெரியல" என்பான். மேற்கொண்டு அவள் துருவிக் கேட்கமாட்டாள். டப்பாக்களை மூடி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "நாளைக்குப் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு முண்டியம்பாக்கம் பஸ்ஸுக்கு நடப்பாள்.